கூட்டெழுத்துக்கு என்ன அவசரம்?

ஜூன் பிறந்தால் வட சென்னை டோல்கேட் ஸ்டேஷனரி கடைகளில் நிற்க இடம் இருக்காது. தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. சற்றுத் தள்ளி எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுகின்றன. கடை வாசலில் பிரவுன் ஷீட், லேபிள், வாட்டர் பாட்டில் என்று அம்மாக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பள்ளியில் கொடுத்த பட்டியலில் நாலு கோடு நோட்டு இருக்கும். அதற்குக் கீழே கர்சிவ் ரைட்டிங் புத்தகமும் இருக்கும். அந்தப் பட்டியலுக்கு உரிய பிள்ளை பல சமயம் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. யூ.கே.ஜி. போகிற வயது.

இந்த வட்டாரத்தில் சந்துக்குச் சந்து நர்சரி பள்ளிகள். சேர்க்கை நடக்கும் மாதங்களில் அவற்றின் பேனர்களைப் படித்துப் பாருங்கள். ‘ஃபோனிக்ஸ், அபாகஸ், கர்சிவ்’ என்பது ஏறக்குறைய ஒரே மூச்சில் வரும் மந்திரம். பிள்ளை எவ்வளவு சீக்கிரம் எழுத்துகளைக் கோத்து எழுதுகிறதோ அவ்வளவு நல்ல பள்ளி என்று பெற்றோர் நம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவரும், டிரெய்லர் லாரி ஓட்டுபவரும், மணலி ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரும் வயிற்றைக் கட்டி ஃபீஸ் கட்டுகிறார்கள். கொடுத்த பணத்துக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே அத்தாட்சி அந்த நோட்டுதான். ‘கான்வென்ட் பிள்ளை எழுத்து’ என்று சொந்தக்காரர்களிடம் காட்டலாம்.

கர்சிவ் என்கிற இந்தக் கூட்டெழுத்து எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்லித்தர வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐந்து வயதில் அதைத் திணிப்பதுதான் கொடுமை என்கிறேன்.

டோல்கேட் பக்கம் மாடி வீடு ஒன்றில் மாலை நேரத்து டியூஷன். பாயில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி ‘boat’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவுக்குப் போட்டில்தான் வேலை, சொல்லின் பொருள் தெரியாமல் இல்லை. ‘b’ வரைக்கும் சரியாக வந்தாள். அடுத்து ‘o’. அவளுக்குக் கற்றுக்கொடுத்த ‘o’ கீழ்க்கோட்டிலிருந்து ஏறி வரும். ஆனால் ‘b’ முடிவதோ நடுக்கோட்டில், மேலே. அங்கிருந்து எப்படிப் போவது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நொடி கை நின்றது. பிறகு கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி, ‘b’யின் வயிறு பிளந்து ‘l’ ஒன்றும் ‘i’ ஒன்றும் மாதிரி ஆகிவிட்டது. ‘o’விலிருந்து ‘a’வுக்குப் போகும்போதும் அதே தடுமாற்றம். ரப்பரை எடுத்தாள். அழித்ததில் தாள் நைந்துபோனது.

அழைத்துப்போக வந்த அம்மா குறைப்பட்டுக்கொண்டார்: “எழுத சொல்லோ கை நோவுதுன்னு அழுவுறா மிஸ். ஸ்கூல்ல வேற ரைட்டிங் இம்ப்ரூவ் பண்ணணும்னு டைரில எழுதி அனுப்புறாங்க.”

டியூஷன் எடுக்கும் பெண் சின்ன வயதுக்காரர். “அவ கட்டை விரலப் பாருக்கா. நகம் வெளுத்துப் போற அளவுக்கு அழுத்துறா. பென்சில எப்படிப் புடிக்கணும்னே இவளுக்கு யாரும் சொல்லித் தரல. அதுக்குள்ள சேத்து எழுதுன்னா எப்படி எழுதுவா?”

ஒரு நூறு பக்க ஆய்வறிக்கை சொல்வதை அந்தப் பெண் நாலு வரியில் சொல்லிவிட்டார். கூட்டெழுத்தில் இருபத்தாறு வடிவங்களைக் கற்பது பெரிய காரியம் இல்லை. ஓர் எழுத்து எங்கே முடிகிறது, அடுத்தது எங்கிருந்து கிளம்புகிறது என்கிற இணைப்பில்தான் வித்தையே இருக்கிறது. b, o, v, w நான்கும் மேலே முடிபவை. மற்றவற்றில் பெரும்பாலானவை கீழே முடிபவை. ‘cat’ எழுதுவது சுலபம், ‘boat’ எழுதுவது கஷ்டம் என்பது இதனால்தான். கடையில் கிடைக்கும் பயிற்சிப் புத்தகங்களில் பலவும் பக்கத்துக்கு ஓர் எழுத்து என்று தனித்தனியாகப் புள்ளி வைத்துத் தருகின்றன. பிள்ளை புள்ளிமேல் பென்சிலை ஓட்டுகிறது. புள்ளி தீர்ந்ததும் கை திகைக்கிறது.

பிள்ளையின் கைக்கு என்று ஒரு கால அட்டவணை உண்டு. பொதுவாக மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வரைய வருகிறது. நான்கு வயதில் கூட்டல் குறி. சதுரத்துக்கு நாலரை, ஐந்து ஆகும். முக்கோணத்துக்கு ஐந்து தாண்ட வேண்டும், ஏனென்றால் சாய்கோடு கடினம். டைமண்ட் வடிவம் ஒழுங்காக வருவதற்குப் பெரும்பாலும் ஆறு, ஏழு வயது ஆகிவிடுகிறது. குழந்தை வளர்ச்சியைப் படித்தவர்களுக்கு இது பாலபாடம். முக்கோணமே கோணலாக வருகிற கையிடம், சாய்வும் சுழிப்பும் இணைப்பும் ஒன்றாகக் கலந்த எழுத்தை நாலு கோட்டுக்குள் அடக்கி எழுதச் சொல்கிறோம். தோற்றுப் போனால் திட்டுகிறோம். ஸ்கேலால் விரல் முட்டியில் அடிப்பதும் இன்னும் ஒழிந்தபாடில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பிள்ளைகளை உடலாலோ மனத்தாலோ தண்டிப்பதைத் தடை செய்கிறது. கையெழுத்துக்கு அதில் விலக்கு எதுவும் கிடையாது.

இந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம் ஊர்க் கதையே வருகிறது. டோல்கேட்டிலிருந்து தெற்கே கடற்கரை ஓரமாகவே போனால் ராயபுரம், துறைமுகம், அதைத் தாண்டினால் புனித ஜார்ஜ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியில் கடைநிலை உத்தியோகத்துக்கு ‘ரைட்டர்’ என்று பெயர். ராபர்ட் கிளைவ் 1744-ல் 18 வயதில் சென்னைக்கு வந்து இறங்கியது அந்த வேலைக்குத்தான். கணக்கு, கடிதம், ஆலோசனைக் கூட்டத்தின் குறிப்பு எல்லாவற்றையும் எழுத வேண்டும், பிரதி எடுக்க வேண்டும், கப்பலில் லண்டனுக்கு அனுப்ப வேண்டும். இறகுப் பேனாவைத் தாளிலிருந்து எடுத்து எடுத்து வைத்தால் மை சிந்தும், வேகமும் குறையும். கையை எடுக்காமல் எழுதும் வணிக எழுத்து அதனால் வளர்ந்தது. லண்டனில் ஜார்ஜ் பிக்கம் 1733-லிருந்து பகுதி பகுதியாக வெளியிட்ட ‘யுனிவர்சல் பென்மேன்’ அந்த எழுத்துக்கு ஒரு பெரிய மாதிரித் தொகுப்பு. நம் பிள்ளைகளின் கர்சிவ் புத்தகம் அந்த வம்சத்தின் கடைக்குட்டி. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், கம்பெனி எழுத்தர்கள் கையால் எழுதிய கட்டுக் கட்டான பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன.

அந்த எழுத்து வட சென்னைக்குச் சோறு போட்டதும் உண்மை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணி எழுதும் டாலி கிளார்க், ஆலைகளில் நேரக் கணக்கு எழுதுபவர், பத்திரப் பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர் எல்லோருக்கும் கையெழுத்துதான் மூலதனம். எழுத்து நன்றாக இருந்ததாலேயே வெயிலிலிருந்து நிழலுக்கு வந்த குடும்பங்கள் இங்கே உண்டு. தாத்தா காலத்து அந்த நினைவுதான் இன்று நர்சரி பள்ளியின் பேனரில் விலை போகிறது. அது மரியாதைக்குரிய நினைவு என்பதாலேயே, அதைக் காட்டிப் பணம் பறிப்பதைப் பார்க்கக் கோபம் வருகிறது.

இதே சென்னையில் இன்னொன்றும் நடந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் குழந்தைகள் அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது, நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். திண்ணைப் பள்ளி பார்த்து வளர்ந்த நமக்கு அதில் அதிசயம் இல்லை. அவருக்கு அது கண் திறந்த காட்சி. தன் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். அவன் கொடுத்தான். பெல் ஊர் திரும்பி 1797-ல் இதைப் புத்தகமாக எழுதினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது. ஜோசப் லங்காஸ்டரின் லண்டன் பள்ளியிலும் மணல் பரப்பிய மேஜைகள் வந்தன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பள்ளி இன்றும் நடக்கிறது.

மணலில் என்ன விசேஷம்? பிடிக்க வேண்டிய கருவி இல்லை. விரலே எழுதுகிறது. எழுத்தைப் பெரிதாக எழுதலாம், தோளும் முழங்கையும் சேர்ந்து நகரும். தப்பானால் உள்ளங்கையால் தடவிவிட்டு அடுத்ததை எழுதலாம். சிவப்பு மை சுழியும் கிடையாது, நைந்த தாளும் கிடையாது. இன்று குழந்தைகளின் கைத்திறன் சிகிச்சையாளர்கள் தட்டில் ரவையைக் கொட்டி எழுதச் சொல்வது இதையேதான். துறைமுகம் கட்டிய பிறகு வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் அரித்து, மணல் இருந்த இடத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறது. ஆனால் பள்ளிக்கு ஒரு சாக்கு மணல் வாங்கிப் போடுவது யாருக்கும் ஆகாத செலவு இல்லை.

உலகமும் இந்த விஷயத்தில் இங்குமங்கும் ஆடித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2010-ல் வந்த பொதுப் பாடத் தரம் கூட்டெழுத்தைக் கட்டாயப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒரு தலைமுறை தாத்தா பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் வளர்ந்தது. இப்போது மாநிலம் மாநிலமாகத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி முதல் தொடக்க வகுப்புகளில் மறுபடி கட்டாயம். ஃபின்லாந்து 2016-ல் கட்டாயக் கூட்டெழுத்தைக் கைவிட்டுத் தனி எழுத்தும் தட்டச்சும் போதும் என்றது. பிரான்ஸ் நேர் எதிர். அங்கே ஆறு வயதில் கூட்டெழுத்து உறுதியாகத் தொடங்குகிறது, ஐந்து வயதிலேயே அறிமுகம் உண்டு. ‘பார்த்தீர்களா, பிரான்ஸில் சின்ன வயதிலேயே எழுதுகிறார்கள்’ என்று நம் பள்ளிகள் வாதாடலாம். அங்கே அதற்கு முன்னால் மழலையர் பள்ளியில் அலை, வளையம், சுருள் என்று பெரிய பெரிய தாளில் வரைந்து கையைப் பழக்குகிறார்கள். அந்தத் தயாரிப்பை விட்டுவிட்டுக் கடைசிப் படியை மட்டும் காப்பியடிக்க முடியாது. ஆங்கிலத்தின் சொந்த ஊரான இங்கிலாந்தின் பாடத்திட்டமே முதல் ஆண்டில் எழுத்தைத் தனித்தனியாகச் சரியாக எழுதினால் போதும் என்கிறது. இணைப்பு இரண்டாம் ஆண்டில் மெல்லத் தொடங்குகிறது. எந்த எழுத்துகளைச் சேர்க்காமல் விடுவது நல்லது என்றும் சேர்த்தே கற்பிக்கச் சொல்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கையால் எழுதுவது படிப்புக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளைக் கையால் எழுதிப் பழகிய ஐந்து வயதுப் பிள்ளைகளின் மூளையில் வாசிப்புக்கான பகுதிகள் விழித்துக்கொண்டன. தட்டச்சு செய்தபோதோ, வரைந்திருந்ததன் மேல் கோடு ஓட்டியபோதோ அப்படி நடக்கவில்லை. புள்ளிமேல் பென்சில் ஓட்டும் புத்தகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். தானே முயன்று, கோணல் மாணலாக எழுதுவதில்தான் பிள்ளை எழுத்தைக் கற்கிறது.

ஆனால் தனி எழுத்தைவிடக் கூட்டெழுத்து மூளைக்கு உசத்தி என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அதற்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் கிடையாது. ஸ்டீவ் கிரஹாமும் சக ஆய்வாளர்களும் 1998-ல் நான்காம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பிள்ளைகளை எழுதவிட்டுப் பார்த்தார்கள். தனி எழுத்துக்கும் கூட்டெழுத்துக்கும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. இரண்டையும் கலந்து, சேர வேண்டிய இடத்தில் சேர்த்து, விட வேண்டிய இடத்தில் விட்டு எழுதிய பிள்ளைகள்தான் எல்லோரையும்விட வேகம். நம் பெரியவர்களின் கையெழுத்தை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்தக் கலப்புதான். பள்ளியில் அதற்கு மதிப்பெண் குறைக்கிறோம்.

வேகம் ஏன் முக்கியம்? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மூன்று மணி நேரம், எல்லாம் கையால். எழுத்தை உருவாக்குவதிலேயே கவனம் போய்விட்டால் பதிலை யோசிக்க மூளையில் இடம் இருக்காது. எழுத்து தானாக ஓட வேண்டும். அழகு என்பது அதற்குப் பிறகு வருகிற சலுகை. ‘கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது’ என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது இந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். தெளிவில்லாத எழுத்தால் விடைத்தாளில் மதிப்பெண் இழப்பது வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைதான்.

இத்தனை கூத்தில் தமிழ்க் கையெழுத்தை எவரும் கண்டுகொள்வதில்லை. கர்சிவ் நோட்டுக்கு வாரத்தில் இத்தனை பீரியட் என்று இருக்கிறது. அகரத்தை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிப்பது என்று எத்தனை பள்ளியில் பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்கிறார்கள்? எழுத்தைப் படம் மாதிரி வரைகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். ‘இ’யைக் கடைசியிலிருந்து முதலுக்கு எழுதுகிறார்கள். ‘மூணு சுழி ண, ரெண்டு சுழி ன’ என்று வாய் சொல்கிறது, கை சுழியை எண்ணிக்கொண்டே திணறுகிறது. நல்ல ஆசிரியர்கள் ட, ப என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கி, ம, ய என்று வளைவுக்குப் போய், சுழி எழுத்துகளைக் கடைசியில் கொடுப்பார்கள். வடிவத்தால் உறவான எழுத்துகளை ஒன்றாகக் கற்பிக்கும் இந்த முறை கூட்டெழுத்துக்கும் அப்படியே பொருந்தும். c வரத் தெரிந்தால் a, d, g, o எல்லாம் அதன் வழியே வரும். i வந்தால் u, t வரும். ஏ, பி, சி வரிசையில் கற்பிப்பது அகராதி தேடுவதற்கு உதவும், கைக்கு உதவாது.

தமிழ் எழுத்து எளிமையாவதற்குப் பெரியவர்கள் எவ்வளவோ உழைத்திருக்கிறார்கள். பெரியார் தன் பத்திரிகைகளில் பல பத்தாண்டுகள் கையாண்ட சீர்திருத்தத்தை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. தும்பிக்கை வைத்த பழைய ‘லை’யைத் தாத்தாக்களின் கடிதத்தில் மட்டும் பார்க்கிறோம். எழுத்துகளைக் குறைத்து வைத்தவர்கள் நம்மிடம் எதிர்பார்த்தது, இருப்பதையாவது ஒழுங்காகச் சொல்லித்தருவதைத்தான். டோல்கேட்டுக்கு மிக அருகில் திருவொற்றியூர் தியாகராசர் கோயில். அங்கே இலக்கணம் கற்பிக்கவே வியாகரணதான மண்டபம் ஒன்று இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. படிப்பு இந்த மண்ணுக்குப் புதிதாக வந்து இறங்கிய சரக்கு இல்லை.

அரசுப் பள்ளிகளும் மாநகராட்சியின் சென்னைத் தொடக்கப் பள்ளிகளும் இந்த விஷயத்தில் நிதானமாக இருக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் தொடங்கியது. பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை சுவரில் தாழ வந்தது அப்போதுதான். தரையோரம் சாக்பீஸால் பெரிதாக எழுதுவது மணலில் எழுதுவதற்குத் தம்பி முறை. கொரோனா இடைவெளிக்குப் பிறகு 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பயிற்சி நூல் தருகிறது. குறை இல்லாமல் இல்லை. ஆங்கிலக் கூட்டெழுத்து பல இடங்களில் சொல்லித்தரப்படாமலே போய், ஆறாம் வகுப்பில் புதுப் பள்ளிக்கு மாறும் பிள்ளை ஆசிரியர் போர்டில் சேர்த்து எழுதுவதைப் படிக்க முடியாமல் விழிக்கிறது. நர்சரி பள்ளியில் அவசரம் என்றால் இங்கே மறதி. மூன்றாம் வகுப்பில் தொடங்கினால் இரண்டுக்கும் தீர்வு கிடைக்கும். அந்த வயதில் கை முதிர்ந்திருக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்க வந்திருக்கும், சேர்த்து எழுதுவது பெரியவர்கள் மாதிரி எழுதுவது என்ற ஆசையும் இருக்கும். ஒரு பருவத்தில் இணைப்புகளைக் கற்றுக்கொள்வார்கள். ஐந்து வயதில் இரண்டு வருடம் அழுது கற்பதும் இதைத்தான்.

எவ்வளவு நேரம்? தொடக்க வகுப்புகளுக்கு வாரத்துக்கு 75 முதல் 100 நிமிடம் போதும் என்கிறார் கிரஹாம், அதையும் தினம் கொஞ்சமாகப் பிரித்து. ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து ஒரே எழுத்தைப் பத்துப் பக்கம் எழுதச் சொல்வதில் பத்தாவது பக்கம் முதல் பக்கத்தைவிட மோசமாக இருக்கும், நீங்களே பார்க்கலாம். இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன் 2018 மே மாதம் உத்தரவிட்டார். கர்சிவ் நோட்டை ‘ஹோம்வொர்க் இல்லை, பிராக்டீஸ்தான்’ என்று பெயர் மாற்றி அனுப்புவது அந்த உத்தரவின் கண்ணில் மண்ணைத் தூவுவது.

இடது கைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இன்னும் நம் வீடுகளில் ‘சோத்துக் கையால எழுது’ என்று கையை மாற்றுகிறோம். மாற்றாதீர்கள். வலது பக்கம் சாயும் கூட்டெழுத்தை இடது கையால் எழுதும்போது பேனாவை இழுப்பதற்குப் பதில் தள்ள வேண்டியிருக்கிறது, எழுதியதைக் கையே மறைக்கிறது, மை தேய்கிறது. நோட்டை வலது பக்கம் சாய்த்து வைத்து, பென்சிலை முனையிலிருந்து சற்று மேலே பிடிக்கச் சொன்னாலே பாதி சிரமம் தீரும். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. எழுத்து நேராக நின்றால் நிற்கட்டும், அதற்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். கல்வி உரிமைச் சட்டம் கொடுத்த இடம் அது. கழிப்பறையையும் குடிநீரையும் பேசும் கூட்டத்திலேயே, மூன்றாம் வகுப்பில் ஆங்கிலக் கூட்டெழுத்துக்கும், முதல் வகுப்பில் தமிழ் எழுத்துக்கான கைப்பயிற்சிக்கும் தினம் பதினைந்து நிமிடம் கேளுங்கள். தனியார் பள்ளியில் அந்தக் குழு இல்லை, பேரன்ட்ஸ் மீட்டிங் இருக்கிறது. அங்கே எழுந்து நின்று, அடுத்த வருட யூ.கே.ஜி. பட்டியலிலிருந்து கர்சிவ் புத்தகத்தை எடுத்துவிட்டு ஒரு சிலேட்டும் ஒரு டப்பா சாக்பீஸும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் ‘பார்க்கிறோம்’ என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் ஜூனுக்குள் பட்டியல் மாறும்.